அண்டை வீட்டுத் தொட்டில்

பீன்யாவிலும் அதைச் சூழ்ந்த லக்கெரே, ராஜகோபால் நகர், ஹெக்கனஹள்ளி, தாசரஹள்ளி ஆகிய பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் காலை எட்டு மணி எவ்வாறு கழிகிறது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கணவர் பட்டறைக்கும் மனைவி ஆடைத் தொழிற்சாலைக்கும் புறப்படும் நேரம் அது. ஒரு கையில் சோற்றுப் பாத்திரமும் இடுப்பில் கைக்குழந்தையுமாக வெளியே வரும் தாய், பேருந்து நிற்கும் இடத்துக்குப் போகுமுன் வேறொரு வீட்டு வாசலில் சற்று நிற்கிறார். குழந்தையும் ஒரு துணிப்பையும் கைமாறுகின்றன. மாலை ஆறு மணி வரை, 'ஓ.டி.' உள்ள நாட்களில் எட்டு மணி வரை, அக்குழந்தை இருக்குமிடம் அந்த வீடுதான்.

அந்த வீட்டுக்காரர் தருமபுரிப் பக்கத்துப் பாட்டியாக இருக்கலாம். துமகூருப் பக்கத்து அஜ்ஜியாகவும் இருக்கலாம். பெயர்ப் பலகை இல்லை, பதிவு இல்லை, ரசீதும் இல்லை. ஊரில் இருந்தால் தாயோ மாமியாரோ செய்திருக்கக்கூடிய பணியை இங்கே மாதக் கூலிக்கு ஓர் அயலார் செய்கிறார். இம்முறையை இழித்துரைப்பது நம் நோக்கம் அன்று. இப்பெண்மணிகள் ஒரு நாள் கதவைத் தாழிட்டால் பீன்யாவில் எத்தனை தையல் இயந்திரங்கள் ஓடாமல் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆயினும், கடையில் ஒரு படி அரிசி வாங்கும்போது கல் கிடக்கிறதா என்று உள்ளங்கையில் அள்ளிப் பார்க்கும் நாம், நாளில் பத்து மணி நேரம் பிள்ளையை ஒப்படைக்கும் வீட்டில் எதைப் பார்த்து ஒப்படைக்கிறோம்? "நல்ல அம்மா, நம்ம ஊர்க்காரங்க" என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் நமக்குப் போதுமானதாக இருக்கிறது. அது போதாது என்பது நம் கருத்து.

சட்டம் எதுவரை?

சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண் தொழிலாளர் நிறைந்த ஆலைகள் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்த வேண்டும் என்று விதித்தது. தொடக்கத்தில் 50 பெண்களுக்கு மேல் என்றிருந்த வரம்பு 1976 இல் 30 ஆகக் குறைக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டு மகப்பேற்று உதவிச் சட்டம் திருத்தப்பட்டபோது, சம்பளத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றும் ஆயிற்று. 2025 நவம்பர் 21 முதல் இச்சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 26 வாரம், 50 பேர், நான்கு முறை என்னும் மூன்றும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அப்படியே தொடர்கின்றன. இரண்டு குழந்தைகள் இருக்கும்போது அடுத்த பேற்றுக்கு 12 வாரந்தான் என்பதும் தொடர்கிறது.

இந்த 26 வாரத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பேற்றுக்கு முன் 8 வாரம் எடுத்துக்கொண்ட தாய்க்குப் பின்னர் எஞ்சுவது 18 வாரம். ஆக, குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்த சில நாட்களிலேயே அவர் மீண்டும் இயந்திரத்தின் முன் அமர்ந்தாக வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவருக்கும், பதினைந்து இருபது பேர் உள்ள சிறு பட்டறையில் வேலை செய்பவருக்கும் அந்த 18 வாரமும் பல சமயங்களில் ஏட்டோடு நின்றுவிடுகிறது.

ஆலையில் காப்பகம் இருந்தாலும் எல்லாத் தாய்மாரும் அதை நாடுவதில்லை. நெருக்கியடித்துச் செல்லும் வண்டியில் ஐந்து மாதக் குழந்தையை நாள்தோறும் இருமுறை கொண்டு செல்வது எளிதன்று. நடக்கத் தெரிந்த பிள்ளையை மட்டும் கொண்டு வாருங்கள் என்று சொல்லும் இடங்களும் உண்டு எனத் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கன்வாடியோ மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சில மணி நேரம் அமர்ந்து கற்கவும் உண்ணவும் அமைந்தது. அதனுடன் காப்பகத்தையும் சேர்க்கும் 'பால்னா' என்னும் மத்திய அரசுத் திட்டம் 2022 இல் வந்தது. கர்நாடக அரசு 2023 இல் அறிவித்த 'கூசின மனே' என்னும் குழந்தை இல்லங்கள் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு உரியவை. நகரத்துள் அடங்கிய பீன்யாவுக்கு அவற்றால் பயனில்லை. எனவே தாய் தெருக்கோடி வீட்டையே நாடுகிறார். மேலே சொன்ன சட்டங்களின் கையோ தொழிற்சாலை வாயிலுக்கு வெளியே நீள்வதில்லை.

மலைத்தோட்டத்திலிருந்து தொடரும் கதை

இத்தொல்லை பீன்யாவில் பிறந்தது அன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மாரின் நிலையை ஆராய, அம்மாகாண அரசு பார்ன்ஸ் என்னும் பெண் மருத்துவரை அமர்த்தியது. அவர் 1922 இல் எழுதிய அறிக்கையைப் படிப்பவர் உள்ளம் நடுங்கும். ஆலைத் தொழிலாளரின் கைக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அபின் கலந்த சிறு உருண்டை கொடுக்கப்பட்டு வந்தது. தாய் திரும்பி வரும்வரை குழந்தை அழாமல் உறங்க வேண்டும், அதற்கு அபின்! தாய்மார் கொடியவர் அல்லர். குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவே காரணம். பின்னர் விட்லி ஆணையம் 1931 இல் ஆலைகளில் காப்பகம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1934 ஆம் ஆண்டுச் சட்டம், 50க்கு மேற்பட்ட பெண்கள் உள்ள ஆலைகளில் குழந்தைகளுக்கு அறை ஒதுக்கும்படி விதி செய்ய மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது.

நம்மவர் வரலாற்றில் இக்கதை இன்னும் நெருக்கமானது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 'பிள்ளை மடுவம்' என்பதும், மலாயா ரப்பர்த் தோட்டங்களில் 'ஆயாக் கொட்டகை' என்பதும் தமிழ்த் தாய்மாரின் வாயில் பிறந்த பெயர்கள். விடியுமுன் பெரட்டுக் களத்துக்கு ஓடும் தாய், பிள்ளையை அங்கே விட்டுச் செல்வார். வேலைக்குப் போகும் வயது கடந்த ஒரு மூதாட்டி, வரிசையாகக் கட்டிய தூளிகளை ஆட்டிக்கொண்டு இருப்பார். அக்கொட்டகைகளைப் பற்றிப் புகழ்ந்து சொல்ல அதிகம் இல்லை. ஆயினும் ஒன்று உண்டு: ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிருவாகம். கூரை ஒழுகினால், பால் புளித்தால், தட்டிக் கேட்பதற்கு ஒரு துரையாவது இருந்தார்.

தலைநகர் தில்லியில் 1969 இல் காந்தியடிகள் நூற்றாண்டு விழாவுக்காக ராஜ்காட் அருகே கட்டட வேலை நடந்தது. வெயிலிலும் புழுதியிலும் கிடந்த கூலிக்காரர்களின் குழந்தைகளைக் கண்டு, மீரா மகாதேவன் என்னும் அம்மையார் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்னும் நிறுவனம் அவ்வாறு பிறந்தது. அங்கும் கட்டட ஒப்பந்தக்காரர் என்று ஒருவர் கண்முன் இருந்தார். அவரிடம் இடமும் நீரும் கேட்டுப் பெறலாம்.

பீன்யாப் பாட்டிக்கு மேலே அப்படி யாரும் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் நாமே. ஆகவே தரம் கேட்க வேண்டியவரும் நாமே. அத்தரத்துக்கு உரிய விலையைக் கொடுக்க வேண்டியவரும் நாமே.

எத்தனை குழந்தைகள்?

ஒரு வீட்டில் பிள்ளையை விடுமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, வீடு துப்புரவாக இருக்கிறதா என்பது அன்று. அந்த அம்மையார் அன்புள்ளவரா என்பதும் அன்று. அவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார், அவற்றுள் ஒரு வயதுக்குக் கீழே எத்தனை என்பதே அக்கேள்வி. மற்றத் தரங்கள் எல்லாம் இதன் பின்னே வருவன. ஆறு குழந்தைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் ஒருத்தி எவ்வளவு அன்புடையவராயினும், ஒன்றுக்குத் துணி மாற்றிவிட்டுக் கை கழுவாமலே மற்றொன்றுக்குப் பால் புகட்டுவார். அதற்குக் காரணம் அறியாமை அன்று. அழுகுரல் அவரைக் கை கழுவ விடாது.

வெளிநாடுகளில் இதற்கு எண் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில், நம் தொழிற்சாலைச் சட்டம் பிறந்த அதே 1948 ஆம் ஆண்டில், வீட்டில் வைத்துப் பிறர் குழந்தையைப் பார்ப்பவர்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. இன்று அங்கே அவ்வாறு பார்க்கும் ஒருவர் எட்டு வயதுக்குட்பட்டோரில் ஆறு பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுள் பள்ளி வயது எய்தாதவர் மூவர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றே ஒன்று. இது பொதுவிதி. தம் சொந்தப் பிள்ளையும் அக்கணக்கில் அடக்கம். மலேசியாவில் 1984 ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட பிறர் பிள்ளைகள் நால்வரைக் கூலிக்குப் பார்த்தாலே அவ்வீடு பதிவு செய்யப்பட வேண்டிய காப்பகம் ஆகிவிடுகிறது. சிங்கப்பூரில் கைக்குழந்தைக் காப்பகங்களில் ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்பது விதி. அங்கே 2024 இன் இறுதியில் வீட்டு முறைக் காப்பைச் சோதனையாகத் தொடங்கியபோது, ஒருவருக்கு மூன்று குழந்தைகளுக்கு மேல் இல்லை என்று வைத்தார்கள்.

நம் நாட்டில் மத்திய அரசு 2018 இல் காப்பகங்களுக்காக வெளியிட்ட நெறிமுறை, மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரும் துணைக்கு ஓர் உதவியாளரும் வேண்டும் என்கிறது. இரண்டரை வயதுப் பிள்ளைகள் என்றால் ஒருவாறு ஒப்பலாம். ஐந்து மாதக் குழந்தைகளுக்கு இவ்வெண் ஒவ்வாது என்றே நாம் கருதுகிறோம். தனியாக இருக்கும் ஒரு பெண்மணிக்கு ஒரு வயதுக்குட்பட்டவை இரண்டு, மொத்தத்தில் அவருடைய பேரப்பிள்ளையும் சேர்த்து நான்கு. இதற்கு மேற்பட்ட வீட்டில் விடுவதற்கு முன் தாய்மார் இருமுறை சிந்திக்க வேண்டும். ஏன் இரண்டு என்று கேட்பீர்கள். எரிவாயு கசிந்து தீப்பிடித்தால் ஒரு பெண் இரண்டு இடுப்பில் இரண்டு குழந்தைகளைத்தாம் தூக்கிக்கொண்டு படியிறங்க முடியும். மூன்றாவது குழந்தை யாருடையது?

இனி இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு தாய் தம் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைக் குழந்தைக் கூலியாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாட்டி ஒரு தையற்காரியின் சம்பளம் அளவுக்குச் சம்பாதிக்க நான்கு குழந்தைகள் வேண்டும். எட்டில் ஒரு பங்குதான் கொடுப்போம் என்றால் அவருக்கு எட்டுக் குழந்தைகள் வேண்டும். கூலியைப் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு தாயும் தம் பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு பிள்ளையைப் படுக்க வைக்கிறார். இது நம்மில் பலருக்குக் கசப்பான கணக்கு. வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக எஞ்சுவது எவ்வளவு என்பது நமக்குத் தெரியாதது அன்று. ஆயினும் குறைத்து வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் இதைக் கடைசியில் வைக்க வேண்டும்.

தூளியும் உறக்கமும்

கைக்குழந்தை பகலின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கிறது. ஆதலால் எப்படி உறங்க வைக்கிறார்கள் என்பது அடுத்து அறிய வேண்டியது. ஒரு வயது வரை குழந்தையை எப்போதும் மல்லாத்தியே கிடத்த வேண்டும். குப்புறவோ பக்கவாட்டிலோ கூடாது. இங்கிலாந்தில் 1991 இல் இவ்வொரு செய்தியை வீடுதோறும் எடுத்துச் சொன்னார்கள். காரணம் தெரியாமல் தொட்டிலில் குழந்தைகள் இறப்பது சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. மருந்தில்லை, கருவியில்லை, படுக்கும் வகையை மாற்றியதே காரணம். மல்லாத்திப் போட்டால் கக்கிய பால் புரையேறும் என்று நம் பாட்டிமார் அஞ்சுவர். உண்மை வேறு. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே அமைகிறது. கக்கிய பால் கீழ்நோக்கித்தான் செல்லும்.

தூளியைப் பற்றி எழுதினால் வாசகர் சிலர் நம் மீது சினம் கொள்ளக்கூடும். வட மாவட்டத்தார் ஏணை என்பர். பழஞ்சேலையில் கட்டிய அத்தூளியில் வளராத தமிழர் யார்? தாயின் சேலை மணமும் மெல்லிய ஆட்டமும் அழுகையை அடக்குவது போல வேறொன்றும் அடக்குவதில்லை. ஆயினும் துணி குழிந்து குழந்தையின் மோவாய் மார்பில் படியும்போது அதன் மூச்சு தடைப்படும். மிகச் சிறிய குழந்தைக்குத் தலையைத் தானே நிமிர்த்தும் வலிமை இல்லை. ஆகவே தூளியில் ஆட்டி அமைதிப்படுத்தலாம். உறங்கிய பின் தரையில் விரித்த சமதளமான, அழுத்தமான பாயிலோ மெத்தையிலோ மாற்றிக் கிடத்த வேண்டும். தலையணை, பொம்மை, முகத்தை மூடும் போர்வை ஆகியவை அருகில் இருத்தல் ஆகாது. பெங்களூரின் மார்கழிக் குளிருக்கு அஞ்சிக் கம்பளி மேல் கம்பளி போர்த்துவதைவிட, ஒரு சட்டை அதிகமாகப் போட்டு விடுவது நல்லது. வீட்டில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளும் இருந்தால், தூளியைப் பயன்படுத்தாத போது அவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். காலித் தூளியில் முறுக்கி ஆடி, கழுத்து இறுகி மாண்ட சிறுவர் சிறுமியர் பற்றித் தமிழ்நாட்டு நாளிதழ்களில் செய்தி வந்த வண்ணம் இருக்கிறது.

அபின் உருண்டையின் காலம் மலையேறிவிட்டது. ஆனால் அதன் பேரப்பிள்ளை ஒன்று நம் வீடுகளில் உலவுகிறது. சளி மருந்து, இருமல் மருந்து என்னும் பெயரில் கடையில் கிடைக்கும் சில திரவங்கள் உறக்கம் தருபவை. "இரண்டு சொட்டு கொடுத்தேன், நன்றாகத் தூங்கியது" என்று யாராவது சொன்னால், அதை நற்செய்தியாகக் கொள்ளாதீர்கள். 2025 இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் நஞ்சு கலந்த இருமல் மருந்தால் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அம்மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதித் தரவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அவ்வாண்டு அக்டோபரில் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. மருத்துவர் எழுதித் தராத எதையும், உரைமருந்தையும் உட்பட, நம்மைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே பேசிக்கொள்வது நலம்.

பால்

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலே உணவு, தண்ணீரும் வேண்டா. இது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான்கு மாதக் குழந்தையை விட்டு வேலைக்குப் போகும் தாய் இதை எவ்வாறு கடைப்பிடிப்பது? பாலைக் கறந்து வைத்துச் செல்லலாம் என்பதைச் சொன்னால் முகஞ்சுளிப்பவர் இன்னும் உளர். சுளிக்க ஒன்றுமில்லை. சோப்பிட்டுக் கழுவிய கையால், கொதிநீரில் இட்டெடுத்த எவர்சில்வர்க் கிண்ணத்தில் கறந்து மூடி வைத்த பால், 25 பாகை வெப்பத்துக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம் கெடாது. குளிர்பெட்டியில் நான்கு நாள் வரை இருக்கும். சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் கீழ் அந்த நான்கு மணி நேரத்தை நம்ப வேண்டா. பாட்டி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குளிர்பெட்டி இருக்கிறதா என்பது இங்கே பெரிய கேள்வி ஆகிறது. பாலை அடுப்பில் ஏற்றக் கூடாது; கிண்ணத்தை வெந்நீரில் வைத்துக் குளிர் போக்கினால் போதும். குழந்தை குடித்து மிஞ்சியதை எடுத்து வைக்கவும் கூடாது.

புகட்டுவதற்கு நம் பழைய சங்கும் பாலாடையுமே மேல். புட்டியின் இரப்பர்க் காம்பில் ஒளிந்திருக்கும் அழுக்கைக் கண்ணால் காண முடியாது. பாலாடையோ ஒரு துடைப்பில் துலங்கும், ஒரு கொதியில் தூய்மையாகும். பால்மாவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்வதையே 1992 ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாட்டில் தடை செய்திருக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளலாம். மருத்துவர் சொல்லிப் பால்மாவு கொடுக்க நேர்ந்தால், டப்பாவில் எழுதிய அளவை அந்த அம்மையாருக்கு ஒருமுறை செய்து காட்டிவிட்டுச் செல்லுங்கள். மாவு தீர்ந்துவிடுமே என்று நீரைக் கூட்டிக் கரைத்தால், வயிறு நிறையும், உடல் தேறாது. தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தை ஒரு வயது வரை விட்டுவிட வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமியின் நஞ்சைப் பச்சிளங் குடல் தாங்காது.

நீர்த்தொட்டி, நெருப்பு, நோய்

காவிரி நீர் நாள் விட்டு நாள் வரும் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் வாளிகளும் டிரம்களும் நிறைந்தே நிற்கின்றன. தவழும் குழந்தைக்கு இவை கிணற்றுக்குச் சமம். இரண்டு அங்குல நீரில் மூக்கும் வாயும் முழுகினாலே குழந்தை மூழ்கிவிடும். தலை கனமாதலால் வாளிக்குள் கவிழ்ந்தது தானே எழாது. சத்தமும் கேட்காது. மூடியில்லாத வாளி, திறந்த தரைத்தொட்டி, தரையில் வைத்த அடுப்பு ஆகிய மூன்றையும் வாசலில் நின்றபடியே பார்த்துவிடலாம். ஒற்றை அறை வீடாக இருந்தால் சமையல் முடிந்த பின்னரே பிள்ளைகள் வரும்படி நேரம் வைத்துக்கொள்ளும் பெண்மணிகளை நாம் பார்த்திருக்கிறோம். சமையற்கட்டின் குறுக்கே ஒரு மரப்பலகையைச் செருகி வைத்தவரும் உண்டு. இத்தகையோர் எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் சென்றவர் அல்லர்.

கடலை, பட்டாணி, முழுத் திராட்சை, பொத்தான், பொம்மைக்குள் வைக்கும் வட்ட மின்கலம் இவை தொண்டையில் சிக்குபவை. சிக்கி மூச்சுத் திணறினால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின் மீது தலை தாழக் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்த வேண்டும். பொருள் வெளிவரும் வரை இவற்றை மாறி மாறிச் செய்ய வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. இதை ஒருவர் செய்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் மற்றவர் கற்றுக்கொள்ளலாம். எவ்வளவு அழுதாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். அக்குலுக்கலில் மூளையில் குருதி கசியும்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகைக் காய்ச்சல் கண்டால் மாலை வரை காத்திருத்தல் ஆகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாயின் கைப்பேசியை ஆலைக்குள் விடாத இடங்களில், ஆலை அலுவலகத்தின் எண், தந்தையின் எண், 108 ஆகிய மூன்றும் பாட்டி வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஊரில் தாய் வீட்டில் பிறந்து மூன்றாம் மாதம் இங்கே வரும் குழந்தைகள் நம்மிடையே அதிகம். 6, 10, 14 ஆம் வாரத் தடுப்பூசிகளில் ஒன்று அந்தப் பயணத்தில் விடுபட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டு அட்டையைக் கொண்டு சென்றால் இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடர்ந்து போட்டுக்கொள்ளலாம். இவ்வூரில் அதற்குத் 'தாயி கார்டு' என்று பெயர். ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசி விடுபட்ட ஒரு குழந்தை, அந்தச் சிறு அறையில் உள்ள மற்ற மூன்று குழந்தைகளுக்கும் அபாயம். எனவே பாட்டி நம்மிடம் அட்டையைக் கேட்டால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், நல்ல இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று மகிழ வேண்டும்.

அஜ்ஜி கன்னடத்தில் பேசுகிறாரே, பிள்ளைக்குத் தமிழ் வராதே என்று வருந்துவோரும் நம்முள் இருக்கின்றனர். 'ஊட்டா' என்றும் 'நீரு' என்றும் முதலிற் சொல்லும் பிள்ளை, வீட்டில் நீங்கள் பேசினால் சோறும் தண்ணீரும் தானே கேட்கும். எந்த மொழியாயினும் குழந்தையின் முகம் பார்த்துப் பேசுகிறவராக அவர் இருக்க வேண்டும். நாள் முழுதும் கைப்பேசித் திரையின் முன் கிடத்தி வைப்பதுதான் தீங்கு.

பேச்சும் கூலியும்

இவையெல்லாவற்றையும் கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று ஒரு சகோதரி நம்மிடம் வினவினார். அதிகாரியைப் போல் கேட்டால் கோபித்துக்கொள்வார். முதல் நாள் ஓர் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, குழந்தை எப்படிப் பால் குடிக்கும், எந்தப் பாட்டுக்கு உறங்கும் என்று சொல்லிக்கொண்டே கேட்டால், அவரும் தம் வழக்கத்தைச் சொல்லுவார். அடுத்த வாரம் ஒரு நாள் நண்பகலில், சொல்லாமல் தந்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். அதை வருத்தமாக எடுத்துக்கொள்ளும் வீட்டைக் காட்டிலும் "வாங்க, இப்பத்தான் தூங்கிச்சு" என்று கதவைத் திறக்கும் வீடு மேல்.

நாம் பேசிய பெண்மணிகள் எல்லோரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிய தாய் எட்டு மணிக்கு வருகிறார், அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கூலி இல்லை. ஆலை உங்களுக்கு 'ஓ.டி.' கொடுக்கிறது என்றால், அதில் ஒரு பங்கு பாட்டிக்கும் உரியது அன்றோ? அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். காய்ச்சலோடு குழந்தையைத் தூக்குவதைவிட ஒரு நாள் கதவை அடைப்பதே சரி. அந்த ஒரு நாள் கூலியைப் பிடிப்பவர் அவரைக் காய்ச்சலோடு தூக்கும்படி சொல்கிறார் என்றே பொருள்.

பொங்கலுக்கும் ஆடிக்கும் பத்து நாள் ஊருக்குப் போகும்போது அந்நாட்களின் கூலியைக் கழித்துக் கொடுப்பது நம்மவரிடையே வழக்கமாக இருக்கிறது. கழித்தால் அவர் அந்தப் பத்து நாள் இடத்துக்கு வேறொரு குழந்தையைச் சேர்த்துக்கொள்வார். நீங்கள் தை மாதம் ஐந்தாம் நாள் திரும்பி வரும்போது உங்கள் குழந்தைக்கு இடம் இருக்கும். அந்தப் புதுக் குழந்தையும் அங்கேயே இருக்கும்.